விடுதலை கிடைச்சவங்க ஏன் திரும்பவும் சட்டத்துக்குள்ள போறாங்க? கலாத்தியர் நிருபத்தை முதல் தடவை படிக்கிறவங்களுக்கு

கிருபை (தகுதி பாக்காம கடவுள் காட்டற தயவு), நியாயப்பிரமாணம் (மோசே மூலமா வந்த சட்டம்), சுயாதீனம் (விடுதலை). சர்ச்சுக்குப் போற யாரும் இந்த மூணையும் சின்ன வயசுலேர்ந்து கேட்டிருப்பாங்க, ஆனா இதுக்குப் பின்னாடி என்ன சண்டை நடந்துச்சுன்னு கேட்டா பாதிப்பேர் முழிப்பாங்க. சண்டைன்னா நிஜமான சண்டை. கி.பி. 50 வாக்குல பவுல்ங்கற அப்போஸ்தலன் (இயேசுவைப் பத்திச் சொல்ல அனுப்பப்பட்டவர்) பேதுருங்கற இன்னொரு அப்போஸ்தலனை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேள்வி கேட்ட சண்டை. அதைப் பத்தி பவுல் தானே எழுதி வச்சிருக்கறதாலதான் இன்னிக்கு நமக்குத் தெரியுது, அந்த லெட்டர்தான் கலாத்தியர் நிருபம், மொத்தம் 6 அதிகாரம், அரைமணி நேரத்துல படிச்சு முடிச்சுடலாம்.

முதல்ல ஊரைப் பாத்துடுவோம். கலாத்தியாங்கிறது இன்னிக்கு துருக்கி நாட்டோட நடுப்பகுதி. கி.மு. 3-ம் நூற்றாண்டுல ஐரோப்பாவிலேர்ந்து வந்து குடியேறின கெல்ட் இனத்து ஆளுங்களால அந்தப் பேரு வந்துச்சு, கி.மு. 25-ல ரோமர்கள் அதை ஒரு மாகாணமா ஆக்கினாங்க, தெற்குப் பக்கத்து ஊர்களையும் அதோட சேத்துட்டாங்க. பவுலும் அவரோட கூட ஊழியம் பண்ணின பர்னபாவும் போன பிசீதியா அந்தியோகியா, இக்கோனியா, லீஸ்திரா, தெர்பை எல்லாம் அந்தத் தெற்குப் பக்கம்தான். லெட்டர் வடக்குல இருந்தவங்களுக்கா தெற்குல இருந்தவங்களுக்கான்னு ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் அடிச்சுக்கிறாங்க, எனக்கு தெற்குன்னுதான் தோணுது, பைபிள்ல இருக்கற அப்போஸ்தலர் நடபடிகள் புஸ்தகத்தோட 13, 14 அதிகாரங்களைச் சேத்துப் படிச்சா கதை நல்லாப் பொருந்துது.

இந்த ஊர்க்காரங்க பெரும்பாலும் யூதர்கள் கிடையாது. லீஸ்திராவுல ஒரு சப்பாணி எழுந்து நடந்ததும் ஊரே திரண்டு பர்னபாவை யூப்பித்தர்னும் பவுலை மெர்க்கூரின்னும், அதாவது தாங்க கும்பிடற சாமிங்களே வந்துட்டாங்கன்னு சொல்லி காளையும் பூமாலையும் கொண்டு வந்து பலி கொடுக்கப் பாத்துச்சு, கொஞ்ச நேரத்துல வேற ஆளுங்க வந்து கிளப்பிவிட்டதும் அதே ஊர்ல பவுலைக் கல்லால அடிச்சு வெளிய இழுத்துப் போட்டாங்க. பிசீதியா அந்தியோகியாவுல ரோமப் பேரரசர் அகஸ்து ராயனுக்கே பெரிய கோயில் இருந்துச்சு, அதோட இடிபாட்டை இன்னிக்கும் பாக்கலாம். ஊர்த் திருவிழா, பலி, ராயனுக்கு மரியாதை, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கிற இடம். அதிலேர்ந்து விலகி "எனக்கு இயேசு போதும்"னு ஒருத்தன் சொன்னா பக்கத்து வீட்டுக்காரனுக்கு அவன் ஒரு மாதிரியாத்தான் தெரிவான். கோயிலுக்கும் வரமாட்டேங்கிறான், யூதனும் இல்ல, அப்ப இவன் யாரு?

இந்த இடைவெளியிலதான் வேற சில போதகருங்க வந்தாங்க. அவங்களும் இயேசுவை நம்பற ஆளுங்கதான், இதை மறந்துடக்கூடாது. அவங்க சொன்னது இவ்வளவுதான்: இயேசுவை நம்பினது ரொம்ப நல்லது, ஆனா ஆபிரகாமோட குடும்பத்துக்குள்ள முழுசா வரணும்னா விருத்தசேதனம், அதாவது ஆணுறுப்போட நுனித்தோலை வெட்டற யூதச் சடங்கு, பண்ணிக்கணும். கையில வசனமும் வச்சிருந்தாங்க. ஆதியாகமம் 17-ல கடவுளே ஆபிரகாம்கிட்ட இது நித்திய உடன்படிக்கைன்னு சொல்றாரே, 99 வயசுல அந்த மனுஷன் பண்ணிக்கிட்டாரே, உனக்கு என்ன? நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கு. நானும் நீங்களும் அங்க உக்காந்திருந்தா தலையாட்டியிருப்போம்.

செய்தி பவுலுக்குப் போகுது. மத்த லெட்டர்ல பெரும்பாலும் எடுத்த உடனே "உங்களுக்காக தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்"னு ஒரு பாரா இருக்கும், கொரிந்து சபைல அவ்வளவு கூத்து நடந்தும் அவங்களுக்குக் கூட அது இருக்கு. கலாத்தியருக்கு இல்ல. வாழ்த்து முடிஞ்ச கையோட, இவ்வளவு சீக்கிரம் வேற சுவிசேஷத்துக்குத் திரும்பிட்டீங்களேன்னு நேரா ஆரம்பிக்கிறார். மூணாம் அதிகாரத்துல "புத்தியில்லாத கலாத்தியரே"ன்னு திட்டு. அஞ்சாம் அதிகாரத்துல ஒரு வசனம் இருக்கு, உங்களைக் கலக்குகிறவங்க தறிப்புண்டு போனா நல்லதுன்னு, அதாவது வெட்டறதுல அவ்வளவு ஆசைன்னா மொத்தமாவே வெட்டிக்கட்டும்ங்கிற அர்த்தத்துலதான் பெரும்பாலான உரைகாரங்க எடுத்துக்கறாங்க. கலாத்தியாவுல பெசினஸ்னு ஒரு ஊர்ல சிபலி தேவதையோட பெரிய கோயில் இருந்துச்சு, அந்தத் தேவதையோட பூசாரிங்க அப்படித்தான் தங்களையே வெட்டிக்குவாங்க, அதனால கேட்டவங்களுக்கு அந்தக் குத்தல் நல்லாவே உறைச்சிருக்கும். சர்ச்சுல இந்த வசனத்தை வாசிக்கறப்ப யாரும் சிரிக்கறதில்ல, அது வேற விஷயம்.

சரி, ஏன் இவ்வளவு கோபம்? கூட ஒரு சடங்கு, பண்ணிட்டுப் போறாங்க, என்ன கெட்டுப்போச்சு?

இங்கதான் புதுசா படிக்கறவங்க பொதுவா தடுமாறுவாங்க. சட்டவாதம்னா சட்டம் வச்சிருக்கறது, ஒழுங்கா இருக்கறது, தினம் ஜெபம் பண்றதுன்னு நினைச்சுக்கறாங்க. அது இல்லவே இல்ல. எந்த நல்ல பழக்கமும், "இது இருந்தாத்தான் கடவுள் உன்னை ஏத்துக்குவார், இது இல்லைன்னா நீ இன்னும் முழுசா உள்ள வரல"ன்னு ஒரு நுழைவுச் சீட்டா மாறுற நேரத்துலதான் சட்டவாதம் ஆரம்பிக்குது. இயேசு கூட்டல் ஒண்ணு. அந்த ஒண்ணு எதுவா வேணா இருக்கலாம். பவுலோட வாதம் என்னன்னா, கூட்டல் போட்ட உடனே இயேசுவோட மதிப்பு கூடல, குறையுது, ஏன்னா அவரோட சிலுவை மட்டும் போதாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சட்டத்தால நீதி வருமானால் "கிறிஸ்து மரித்தது வீணாயிருக்குமே"ன்னு ரெண்டாம் அதிகாரத்தை முடிக்கிறார். ஆபிரகாம் வாதத்துக்கும் பதில் வச்சிருக்கார்: ஆதியாகமம் 15-லயே ஆபிரகாம் விசுவாசிச்சார், அது அவருக்கு நீதியா எண்ணப்பட்டுச்சு, சீனாய் மலைல சட்டம் வந்தது வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷம் கழிச்சு, பின்னாடி வந்தது முன்னாடி கொடுத்த வாக்கை ரத்து பண்ணாது.

இதுக்கு நல்ல ஆதாரம் பவுலோட ஊழியத்துல கூட இருந்த தீத்துவும் தீமோத்தேயுவும். தீத்து கிரேக்கன், அவனை எருசலேமுக்குக் கூட்டிட்டுப் போனப்ப விருத்தசேதனம் பண்ணியே ஆகணும்னு சிலர் நெருக்கினாங்க, ஒரு மணி நேரம் கூட விட்டுக்கொடுக்கலன்னு பவுல் எழுதறார். அப்போஸ்தலர் 16-ல பாத்தா அதே பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணிவைக்கிறார், அவங்கம்மா யூதப் பொண்ணு, அந்தப் பக்கத்து யூதர்கள் மத்தியில ஊழியம் பண்றப்ப தடை வரக்கூடாதுன்னு. அதே மனுஷன், அதே சடங்கு. ஒரு இடத்துல "இது இல்லாம ரட்சிப்பு இல்ல"ன்னு கேட்டாங்க, அதனால மறுத்தார், இன்னொரு இடத்துல யாரும் அப்படிக் கேக்கல, மத்தவங்களுக்காகத் தானா செஞ்சார். விருத்தசேதனமும் உதவாது, விருத்தசேதனமில்லாமையும் உதவாது, "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்"னு 5:6-ல சொல்றது இதைத்தான்.

இப்ப முதல்ல சொன்ன சண்டைக்கு, சாப்பாட்டு மேஜையில நடந்த அந்தச் சண்டைக்கு வருவோம், என்னைக் கேட்டா நிருபத்தோட மையமே இதுதான். இது வேற அந்தியோகியா, சீரியாவுல இருந்தது, இன்னிக்கு துருக்கியில அந்தாக்கியான்னு பேரு, 2023 நிலநடுக்கத்துல பயங்கரமா அடிபட்ட ஊர். சீஷர்களை முதல் முதல்ல கிறிஸ்தவங்கன்னு கூப்பிட்டதே அங்கதான். அங்க யூதரும் யூதரல்லாதவரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தாங்க, பேதுருவும் கூட உக்காந்தார். அவருக்கு இதுல சந்தேகமே இருந்திருக்க முடியாது, கடவுள் சுத்தமாக்கினதைத் தீட்டுன்னு சொல்லாதேன்னு யோப்பாவுல மாடியில தரிசனம் பாத்தவர் அவர், செசரியாவுல யூதரல்லாத ரோமப் படை அதிகாரி கொர்நேலியு வீட்டுக்குள்ள போனவர் அவர். அப்புறம் எருசலேமிலேர்ந்து, அங்க சபைக்குத் தலைவரா இருந்த யாக்கோபுகிட்ட இருந்து சிலர் வந்தாங்க. பேதுரு மெல்ல ஒதுங்க ஆரம்பிச்சார். யாரும் புதுசா உபதேசம் பண்ணல, ஒரு தீர்மானமும் போடல, அவர் கொள்கையை மாத்திக்கிட்டேன்னும் சொல்லல, மேஜையை விட்டு எழுந்தார், அவ்வளவுதான். மத்த யூதர்களும் பின்னாடியே எழுந்தாங்க. கடைசியில பர்னபாவும். பவுலோட கூடவே ஊர் ஊரா அலைஞ்ச பர்னபா! அந்த ஒரு வரியில பவுலுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு தெரியுது.

காரணம் என்னன்னு பவுல் ஒரே சொல்லுல சொல்றார்: பயந்து. விருத்தசேதனமுள்ளவங்களுக்குப் பயந்து.

சட்டத்துக்குத் திரும்பிப் போறது பெரும்பாலும் யோசிச்சு எடுக்கற முடிவு இல்ல, யார் பாக்கறாங்கங்கறதுலதான் இருக்கு. பேதுருவோட இறையியல் கரெக்ட், கால் மட்டும் வேற பக்கம் நடந்துச்சு. அந்த மேஜையில மிச்சம் உக்காந்திருந்த யூதரல்லாத விசுவாசியை நினைச்சுப் பாருங்க, அவன்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல, ஆனா எதிர்ல இருந்த இடம் காலியாயிடுச்சு, அவனுக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு: நான் இன்னும் இவங்க மாதிரி ஆகல. அடுத்த வாரம் அவனே போய் "நான் என்ன பண்ணனும்?"னு கேப்பான். அதனாலதான் பவுல் தனியாக் கூப்பிட்டுப் பேசாம எல்லார் முன்னாடியும் கேட்டார், நீங்க யூதரா இருந்தும் யூதரல்லாதவங்க மாதிரி நடந்துக்கிட்டு, இப்ப அவங்களை யூதர் மாதிரி நடக்கக் கட்டாயப்படுத்தறது என்ன நியாயம்னு. கட்டாயப்படுத்தறதுன்னு சொல்றதைக் கவனிங்க. பேதுரு யாரையும் ஒண்ணும் சொல்லல, எழுந்து போனதே கட்டாயம்தான். இதுக்கு பேதுரு என்ன பதில் சொன்னார்னு நிருபத்துல இல்ல. எருசலேம்ல கூடின கூட்டத்தைப் பத்தி அப்போஸ்தலர் 15 சொல்றப்ப, நம்ம முன்னோர்களும் நாமும் சுமக்க முடியாத நுகத்தை இவங்க கழுத்துல ஏன் வைக்கணும்னு எழுந்து கேக்கறது அதே பேதுருதான்.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா நம்ம பிரசங்கங்கள்ல இது அடிக்கடி தப்பாப் போகுது. யூத மதம்னாலே வெறும் சட்டம், அன்பே இல்லாத கணக்குன்னு பேசறது சரியில்ல. யூதர்களுக்கு அந்தச் சட்டம் கடவுள் ஏற்கெனவே அவங்களைத் தேர்ந்தெடுத்து எகிப்துலேர்ந்து மீட்ட பிறகு கொடுத்த பரிசு, சங்கீதம் 119 முழுக்க அந்த சந்தோஷம்தான். 1977-ல ஈ.பி. சாண்டர்ஸ்னு ஒரு அறிஞர் இதைப் பெருசா எடுத்துச் சொன்னதுக்கப்புறம் பவுலைப் பத்தின ஆராய்ச்சியே வேற திசைக்குத் திரும்புச்சு. பவுலும் சட்டம் கெட்டதுன்னு சொல்லல. அந்தக் காலத்துல வசதியான வீட்டுப் பையனைப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போக, வழியில வம்புக்குப் போகாம பாத்துக்க, ஒழுங்கா நடக்கலன்னா ரெண்டு போட ஒரு அடிமை இருப்பான், சட்டம் அந்த ஆள் மாதிரின்னு அவர் சொல்றார். பையன் வளந்து சொத்துக்கு வாரிசான பிறகும் அந்த ஆள் கையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தா எப்படி?

இதைவிட என்னை ரொம்ப யோசிக்க வச்சது நாலாம் அதிகாரம். நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் வருஷங்களையும் பாக்கறீங்களே, மறுபடியும் அடிமைகளாகப் போறீங்களான்னு கேக்கறார். மறுபடியுமா? இவங்க முன்னாடி யூதர்களா இருந்ததே இல்லையே, யூப்பித்தர்னு சொல்லி காளை வெட்டப் பாத்த ஊர்க்காரங்களாச்சே. அவங்களுக்கு யூத காலண்டர் புதுசு. ஆனா பவுல் கண்ணுக்கு அது பழைய இடம்தான், ஏன்னா உள்ள ஓடற பயம் அதே பயம்: இந்த நாளைச் சரியா வச்சுக்கலன்னா மேல இருக்கறவருக்குக் கோபம் வரும். சாமி மாறியிருக்கு, பயம் மாறல. நம்ம ஊர்லயும் ராகுகாலம் பாக்கறதை விட்டுட்டு வந்த ஒருத்தர், காலைல வேதம் வாசிக்காம வண்டி எடுத்தேன் அதான் பஞ்சர்னு சொல்வார் பாருங்க, பைபிள் கையில இருக்கு ஆனா நடக்கறது ராகுகாலம்தான்.

அப்ப ஏன் இது இவ்வளவு கவர்ச்சியா இருக்கு? அளக்க முடியும், அதுதான். கடவுள் என்னை ஏத்துக்கிட்டார்னு நம்பறதைக் கண்ணால பாக்க முடியாது, ஆனா நாப்பது நாள் இறைச்சி சாப்பிடலங்கறதை எண்ண முடியும். எண்ண முடிஞ்சா அடுத்தவனோட ஒப்பிட முடியும், ஒப்பிட்டா யார் உள்ள யார் வெளியன்னு சொல்ல முடியும். சபை நடத்தறவங்களுக்கும் வசதி, அன்பை ரிஜிஸ்தர்ல குறிக்க முடியாது, வருகையைக் குறிக்கலாம். சிலுவையினிமித்தம் துன்பம் வரக்கூடாதுன்னுதான் அந்தப் போதகர்கள் இதைக் கட்டாயப்படுத்தறாங்கன்னு 6:12-ல பவுல் இன்னொண்ணும் போட்டு உடைக்கிறார். அதாவது அவங்களும் யாருக்கோ பயந்துதான்.

இது முதல் நூற்றாண்டோட முடிஞ்ச கதை இல்ல. 1522 மார்ச் 9, லெந்து காலத்து (ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நாப்பது நாள் நோன்பு) முதல் ஞாயிறு, சுவிட்சர்லாந்து சூரிச் நகரத்துல கிறிஸ்டோப் ஃபுரோஷவர்ங்கற அச்சகக்காரர் வீட்டுல சிலர் உக்காந்து காஞ்ச சாசேஜைத் துண்டு போட்டு ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டாங்க. லெந்துல இறைச்சி தடை, நகர சபை விசாரணைக்குக் கூப்பிட்டுருச்சு. பிராங்க்ஃபர்ட் சந்தைக்குள்ள புத்தகம் முடிச்சாகணும், ராப்பகலா வேலைன்னு அவர் காரணம் சொன்னார். அந்த வீட்டுலயே உக்காந்திருந்தும் சாப்பிடாத உல்ரிச் சுவிங்லிங்கற போதகர் ரெண்டு வாரம் கழிச்சு இதைப் பத்தியே பிரசங்கம் பண்ணினார்: உபவாசம் இருக்க விரும்பினா இரு, இறைச்சி வேண்டாம்னா சாப்பிடாதே, ஆனா கிறிஸ்தவனுக்கு அந்த சுயாதீனத்தை விட்டுவை. சுவிஸ் நாட்டுச் சர்ச் சீர்திருத்தம் பத்தி எரிய ஆரம்பிச்சதே இந்தச் சாசேஜ்லதான். ரெண்டு வருஷம் முன்னாடி, 1520-ல, ஜெர்மனியில மார்ட்டின் லூத்தர் இதையே ரெண்டு வரியில சொல்லியிருந்தார், கிறிஸ்தவன் யாருக்கும் கீழ்ப்படியாத எஜமான், அதே கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியம் செய்யற வேலைக்காரன்னு.

ஆனா மீதிக் கதையையும் சொல்லணும். அதே சூரிச்ல 1530-ல எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பா சர்ச்சுக்கு வரணும்னு நகர சபை உத்தரவு போட்டுச்சு. அதுக்கு முன்னாடியே, 1527 ஜனவரியில, குழந்தை ஞானஸ்நானத்தை ஏத்துக்காத ஃபெலிக்ஸ் மான்ஸ்ங்கறவரை லிம்மாட் ஆத்துல முக்கிக் கொன்னாங்க. சாசேஜுக்கு விடுதலை கேட்ட ஊர்! சாசேஜ்லேர்ந்து அந்த 1530 உத்தரவுக்கு எட்டே வருஷம்தான் ஆச்சு.

தமிழ்நாட்டுக்கு வந்தா அந்தியோகியா மேஜை வேற உருவத்துல இருந்துச்சு. 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வேறுபாடு இருக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டப்ப தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் பெரிய எதிர்ப்பு கிளம்பி, சேந்து உக்கார மாட்டோம்னு பலபேர் சபையை விட்டே விலகினாங்க. யாரோட சாப்பிடலாம் யாரோட கூடாதுங்கற தீட்டுக் கணக்கு, திருவிருந்து மேஜை வரைக்கும் வந்து உக்காந்துடுச்சு. பவுல் இருந்திருந்தா இதுக்கு எந்த அதிகாரத்தை எழுதியிருப்பார்னு சொல்ல வேண்டியதில்ல.

இன்னிக்கு நிலைமை உங்களுக்கே தெரியும். சில சபைகள்ல ஞானஸ்நானத்துக்கு முன்னாடி தாலி, தோடு எல்லாம் கழட்டணும், சில இடத்துல தலையில பூ கூடாது. எளிமையா இருக்கணும்னு ஒரு அம்மா தன் இஷ்டத்துக்கு நகையைக் கழட்டினா அதுல குறை சொல்ல ஒண்ணுமே இல்ல, பல பேர் நிஜமாவே அப்படி சந்தோஷமா வாழறாங்க. தோடு போட்டுட்டு வந்த மருமகளைப் பாத்து "இன்னும் ரட்சிக்கப்படலையா?"ன்னு கேக்கறப்பதான் கலாத்தியா ஆரம்பிக்குது. தசமபாகமும், அதாவது வருமானத்துல பத்துல ஒண்ணைச் சபைக்குக் கொடுக்கறதும், அப்படித்தான். மல்கியா 3-ஐக் காட்டி, கொடுக்கலன்னா சாபம்னு மிரட்டறது ஒரு வகை, "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல"ன்னு 2 கொரிந்தியர் 9-ல இருக்கறது வேற வகை. ரெண்டுலயும் அதே பத்து சதவீதம் போகலாம்.

எதிர்ப்பக்கமும் இருக்கு, சட்டவாதத்தைத் திட்டறதையே ஒரு அடையாளமா வச்சுக்கிட்டு, "நான் உபவாசமெல்லாம் இருக்கறதில்ல, நான் கிருபைக்காரன்"னு மத்தவங்களைக் கேவலமாப் பாக்கறது. இதுவும் கூட்டல்தான், எதைக் கூட்டினோம்ங்கறது மட்டும் மாறியிருக்கு. சுயாதீனத்தை மாம்சத்துக்கு, அதாவது சுய ஆசைக்கு, ஏதுவா வச்சுக்காம அன்பினாலே ஒருத்தருக்கொருத்தர் ஊழியம் செய்யுங்கன்னு 5:13-ல பவுல் கோடு போட்டுடறார். கொரிந்துல விக்கிரகத்துக்குப் படைச்ச இறைச்சி கடைத்தெருவுல வித்துச்சு, சாப்பிடலாமான்னு கேட்டாங்க, சாப்பிடலாம்னுதான் பதில், ஆனா என் சகோதரனுக்கு அது இடறலா இருந்தா நான் இறைச்சியே சாப்பிடமாட்டேன்னும் சேத்துச் சொல்றார். சாப்பிட உரிமை உள்ளவன் விட்டுக்கொடுக்கறான். மேஜையை விட்டு எழுந்த பேதுருவும் ஒரு வகையில சாப்பாட்டை விட்டார்தான், ஆனா அது பக்கத்துல இருந்தவனுக்காக இல்ல, பாத்துட்டு இருந்தவங்களுக்காக.

அப்ப லெந்துல உபவாசம் இருக்கலாமான்னு கேப்பீங்க. தாராளமா இருங்க. ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மனசுல என்ன ஓடுதுன்னு மட்டும் கவனிங்க, "அய்யோ கடவுள் என்ன பண்ணப்போறாரோ"ன்னு வந்தா ஒரு விதம், "சரி, நாளைக்குப் பாக்கலாம்"னு வந்தா வேற விதம். அதே மாதிரி, விட்டுட்டவங்களைப் பத்தி வீட்டுல என்ன பேசறீங்கன்னும் பாத்துக்கங்க. படிக்கறதுக்கு வரிசை கேட்டா, முதல்ல கலாத்தியர் முழுக்க ஒரே மூச்சுல, அப்புறம் அப்போஸ்தலர் 10-ம் 15-ம், அதுக்கப்புறம் ரோமர் 14. ரோமர் 14-ஐ முதல்ல எடுக்காதீங்க, அதுல பவுல் ரொம்ப சாந்தமா ஒருத்தன் ஒரு நாளை விசேஷமா எண்ணட்டும் இன்னொருத்தன் எல்லா நாளும் ஒண்ணுன்னு எண்ணட்டும்னு போறார், கலாத்தியர் 4-ல அதே நாள் விஷயத்துக்கு அவ்வளவு கத்தினவர் இங்க ஏன் கத்தலன்னு தெரியணும்னா கத்தினதை முதல்ல படிச்சிருக்கணும்.